சிறு வியாபாரிக்கு இருவகைக் கணக்கு

கிராமத்தில் சிறு கடை வைத்து ஜீவனம் செய்வோரில் அநேகர், பெட்டியிலுள்ள பணத்தையே லாபமென்று எண்ணுகின்றனர். பெட்டி நிறைந்திருப்பின் வியாபாரம் செழிப்பென்றும், காலியாயின் நஷ்டமென்றும் முடிவு செய்துவிடுகின்றனர். கடன் வாங்கியும் கடன் கொடுத்தும் நடைபெறும் வியாபாரத்தில் இம்முடிவு பெரும்பாலும் பிழையாகும்.

கணக்கு வைப்பதில் இரண்டு முறைகள் உண்டு. பணம் கைக்கு வந்த அன்றே வரவும், கையைவிட்டுப் போன அன்றே செலவும் எழுதுவது ரொக்க முறை. சரக்கு விற்ற அன்றே விலையை வரவாகவும், கொடுக்கக் கடமைப்பட்ட அன்றே தொகையைச் செலவாகவும் எழுதுவது நிலுவை முறை. பிந்தியதில், பணம் எப்போது கைமாறுகிறது என்பது தனியே குறிக்கப்படும்.

உதாரணமாக, ஒரு மளிகைக் கடைக்காரர் மார்கழி மாதத்தில் ரூ. 40,000-க்குச் சரக்குக் கொள்முதல் செய்து, ரூ. 10,000 மட்டும் கொடுக்கிறார். அச்சரக்கு முழுவதும் ரூ. 50,000-க்கு விற்கிறது. அதில் ரூ. 20,000 ரொக்கம், ரூ. 30,000 அறுவடைக்குப் பின் தருவதாகச் சொன்ன குடியானவர்களின் கடன். கடை வாடகை ரூ. 2,000 பாக்கி. ரொக்க முறைப்படி அவருக்கு மிச்சம் ரூ. 10,000. நிலுவை முறைப்படி லாபம் ரூ. 8,000 மட்டுமே.

தை மாதத்தில் புதிய வியாபாரம் ஒன்றும் நடவாமல், குடியானவர்கள் ரூ. 30,000 செலுத்த, அவர் மொத்த வியாபாரிக்கு ரூ. 30,000-மும் வாடகை ரூ. 2,000-மும் தீர்க்கிறாரென்று கொள்வோம். ரொக்க முறை ரூ. 2,000 நஷ்டமென்று காட்டும். நிலுவை முறையில் அம்மாதத்திற்கு லாபமுமில்லை, நஷ்டமுமில்லை. இரு மாதங்களையும் கூட்டினால் இரு முறைகளிலும் லாபம் ரூ. 8,000-தான். பேதம் காலத்தைப் பற்றியதேயன்றித் தொகையைப் பற்றியதன்று.

ஆயினும் அக்கால பேதமே குடும்பத்தைக் கெடுக்க வல்லது. மார்கழியில் கண்ட ரூ. 10,000-ஐ முழுவதும் லாபமென்று நம்பிப் பெண்ணுக்குத் தோடு வாங்கியவர், பிறர் பணத்தில் ரூ. 2,000 செலவழித்தவராவார். மழை பொய்த்துக் குடியானவர்களின் பாக்கி தாமதித்தாலோ, முழுக் கடனுக்கும் வட்டிக்காரரை நாட நேரிடும்.

நிலுவை முறையிலும் ஓர் அபாயமுண்டு. ஏட்டில் லாபமிருந்தும், பாக்கி வசூலாகாமல் பெட்டி வறண்டு கிடக்கலாம். வசூலாகாதென்று தெரிந்த கடனை நஷ்டமாக எழுதித் தள்ள வேண்டும். விற்காத சரக்கின் விலையை இருப்பாக வைக்க வேண்டுமேயன்றி, அம்மாதச் செலவில் சேர்த்தல் கூடாது.

2013-ஆம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டம் கம்பெனிகளுக்கு நிலுவை முறையையே விதித்துள்ளது. ரொக்கத்திற்கே வாங்கி விற்கும் சிறு கடைக்கு ரொக்க முறை போதும். கடன் கலந்த வியாபாரத்திற்கு நிலுவை முறையே தக்கது. எதைக் கைக்கொண்டாலும் இடையில் மாற்றாதிருத்தல் அவசியம்; மாற்றினால் ஒரு மாதத்தை மற்றொன்றோடு ஒப்பிட இயலாது.

இதற்கு வேண்டியவை இரண்டு நோட்டுகளே. ஒன்று, அன்றாட வரவு செலவுகளுக்கு நாள்வழி; மற்றொன்று, ஆளுக்கொரு பக்கமாகப் பற்று வரவு காட்டும் பேரேடு. கடை சாத்துமுன் அன்றைய விவகாரங்களைத் தேதியுடன் எழுதி, பெட்டியை எண்ணி நாள்வழியின் இருப்போடு ஒத்துப் பார்த்தல் வேண்டும். மாத முடிவில் வரவேண்டியதையும் கொடுக்கவேண்டியதையும் கூட்டிப் பார்ப்பவர், எவ்வளவு தம்முடையது, எவ்வளவு பிறருடையது என்பதை அறிவார்.