பழைய பாய்மரப் படகுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வேண்டுமா? சுவாமிமலைப் பக்கமும் தேடலாம்!

பைக்கில் கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டால், கடையில் மாடல் பெயரைச் சொன்னால் போதும். பத்து நிமிடத்தில் புதுக் கேபிள் கைக்கு வந்துவிடும். 40, 50 வருடங்களுக்கு முன் கட்டிய பாய்மரப் படகில் சுக்கானைத் தாங்கும் கீல் உடைந்துபோனால்? அதைச் செய்த கம்பெனியே இப்போது இருக்காது. கீல் இல்லாமல் படகைத் திருப்பவும் முடியாது. உள்ளங்கையில் அடங்கும் உலோகத் துண்டு ஒன்று கிடைக்காததால், உடம்பில் ஒரு குறையும் இல்லாத படகு கரையிலேயே கிடந்து மட்கிப்போவது பல ஊர்களில் நடக்கிற கதைதான்.

கரையில் உடைந்தால் கதை இவ்வளவுதான். நடுக்கடலில் உடைந்தால்?

கழிவறைக் கதவை அறுத்தவர்!

முன்னாள் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியைக் கேட்டால் சொல்வார். 'கோல்டன் குளோப்' என்று ஒரு பந்தயம். தனியாளாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிவர வேண்டும். 1988-க்கு முன் வடிவமைக்கப்பட்ட படகுகளுக்கு மட்டும்தான் அனுமதி. வழி பார்க்க ஜி.பி.எஸ் பயன்படுத்தக் கூடாது. 2018 பந்தயத்தில் புயலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு அடிபட்டு, மயிரிழையில் மீட்கப்பட்டவர் அபிலாஷ். 2022-ல் மறுபடியும் கிளம்பினார்.

வழியில், காற்றின் திசையை வைத்துப் படகைத் தானாகச் செலுத்தும் கருவி பழுதானது. அது இல்லையென்றால் தனியாள் தூங்கவே முடியாது. மாற்றுப் பாகம் வாங்க நடுக்கடலில் கடையா இருக்கிறது? படகின் கழிவறைக் கதவை அறுத்து, துடுப்புப் பலகையாக்கிப் பொருத்தினார். 236 நாள் பயணத்தை 2023 ஏப்ரலில் முடித்து, இரண்டாம் இடம் பிடித்தார். முதலிடம் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நியூஷேஃபருக்கு.

ஆணியே இல்லாத படகு

நெல் விளையும் தஞ்சாவூருக்கும் பாய்மரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். காவிரிப் படுகை முடிகிற இடம் கடல்தானே! அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் எல்லாம் தஞ்சை மாவட்டத்துக் கரைகள்தான். அலை குறைந்த, ஆழமில்லாத பாக் நீரிணையில் 'வத்தை' என்கிற பாய்ப் படகுகள் ஓடின. படகின் குறுக்கே நீளமான ஒரு பலகை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காற்று பலமாக அடித்துப் படகு சாய்ந்தால், ஆட்கள் அந்தப் பலகையில் ஏறிப் போய் உட்கார்ந்து எடை கொடுப்பார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகள் பற்றி 1920-ல் வெளியிட்ட ஆய்வில் இந்தச் சமநிலைப் பலகையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

இந்தக் கரையில் ஸ்பேர் பார்ட்ஸ் என்பது ஒரு காலத்தில் பிரச்னையே இல்லை. கட்டுமரத்தில் ஆணி கிடையாது, எல்லாமே கயிற்றுக் கட்டு. சோழமண்டலக் கரையின் மசூலா படகில் பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அறுந்தால் தென்னந்தோப்பு பக்கத்திலேயே இருக்கிறது. பெரிய தோணிகளுக்கு ஆணியும் வளையமும் நங்கூரமும் தேவைப்பட்டபோது, ஓடாவி சொல்லும் அளவுக்குக் கொல்லர் அடித்துக் கொடுத்தார். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் அப்படிக் கட்டப்பட்ட 'அன்னபூரணி அம்மாள்' என்ற பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் வாங்கினார். தமிழ் மாலுமிகள் செலுத்திய அந்தக் கப்பல், 1938-ல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

பிறகு இன்ஜின் வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகின. ஆஞ்சான், தாமான், பருமல் என்று பாய் சார்ந்த சொற்களே இன்றைய பிள்ளைகளுக்குப் புதிதாக இருக்கின்றன. பாய் ஏற்றும் கயிறு ஆஞ்சான், பாயைக் காற்றுக்கு ஏற்ப இழுத்துக் கட்டுவது தாமான், பாயைத் தாங்கும் குறுக்குக் கழி பருமல். ஜோ டி குருஸின் நாவல்களைப் படித்தவர்களுக்கு இவை பழகியிருக்கும்.

பளபளக்கும் பித்தளையை நம்பாதீர்கள்

சரி, இன்றைக்கு ஒரு பழைய பாய்மரப் படகை ஓடவைக்க நினைப்பவர் என்ன செய்வது? 1885-ல் லண்டனில் தொடங்கிய 'டேவி' போன்ற நிறுவனங்கள் பழைய மாதிரி கப்பிகளையும் கொக்கிகளையும் இன்றும் விற்கின்றன. ஆனால் விலையோடு கப்பல் கூலியும் சுங்கவரியும் சேர்ந்துகொள்ளும். அளவு ஒத்துவரும் என்ற உத்தரவாதமும் இல்லை.

உடனே ஹார்டுவேர் கடைக்குப் போய், பார்க்க அதே போல இருக்கும் பித்தளை போல்ட்டை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. சாதாரணப் பித்தளையில் துத்தநாகம் 40 சதவிகிதம் வரைகூட இருக்கும். கடல் நீர் அந்தத் துத்தநாகத்தை மட்டும் மெல்ல மெல்லக் கரைத்து எடுத்துவிடும். மிச்சம் இருப்பது ஸ்பாஞ்ச் மாதிரி ஓட்டை ஓட்டையான செம்பு. வெளியே பார்த்தால் போல்ட் போலவே இருக்கும். காற்று பலமாக அடிக்கும் நாளில் பட்டென்று ஒடியும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. பாகத்தைக் கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே மஞ்சள் தெரிந்தால் பரவாயில்லை. இளஞ்சிவப்பாக இருந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

எவர்சில்வர் போல்ட் நல்லதுதானே என்றால், பாதி சரி. கடலுக்கு 316 ரகம் வேண்டும். 304 ரகம் பார்வைக்கு அப்படியே இருக்கும், ஆனால் உப்புக் காற்றில் சீக்கிரம் கறைபிடிக்கும். காந்தம் வைத்தும் இரண்டையும் பிரிக்க முடியாது, பில்லைக் கேட்டு வாங்க வேண்டியதுதான். ஈர மரத்துக்குள் காற்றுப்படாமல் புதைந்திருந்தால் 316-க்கும் ஆபத்து உண்டு.

பழைய படகுக்கு ஏற்ற உலோகம் வெண்கல வகைதான். அதில் ஒன்று 'கன்மெட்டல்'. 88 பங்கு செம்பு, 10 பங்கு வெள்ளீயம், 2 பங்கு துத்தநாகம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். போர்செட் மோட்டார் ரிப்பேர் பார்க்கும் எந்த லேத் பட்டறையிலும் 'கன்மெட்டல் புஷ்' என்றால் தெரியும்.

கும்பகோணத்தைச் சுற்றி...

டெல்டாவுக்கு இங்கே ஒரு அதிர்ஷ்டம். கும்பகோணத்தைச் சுற்றியே இரண்டு வார்ப்புக் கலைகள் இருக்கின்றன, இரண்டுமே புவிசார் குறியீடு பெற்றவை. சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சூடாக்குகிறார்கள். உருகி வெளியேறும் மெழுகின் இடத்தை உலோகம் பிடித்துக்கொள்கிறது. அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும், எனவே ஒரு மெழுகுக்கு ஒரே சிலை. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு வேறு வகை. மாதிரியை மண்ணில் பதித்து எடுத்து, அந்தப் பள்ளத்தில் உலோகத்தை ஊற்றி, பிறகு கடைந்து மெருகேற்றுவது. ஒரே மாதிரியை வைத்து எத்தனை முறையும் வார்க்கலாம்.

கயிறு கட்டும் கொம்பு, கண்வளையம் போன்ற எளிய பாகங்களுக்கு விளக்குக்காரர்கள் முறையே போதும். வளைவு நெளிவுள்ள சுக்கான் கீலுக்கு மெழுகு முறை பொருத்தம். ஆனால் உலோகத்தை மட்டும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். விளக்கு பித்தளை. சிலைக்கான கலவையில் செம்போடு பித்தளையும் ஈயமும் சேரும். கோயிலுக்கு அது சரி, கடலுக்குச் சரிவராது. 'கன்மெட்டலில் ஊற்றுங்கள்' என்று முதலிலேயே பேசிவிட வேண்டும்.

உடைந்த பாகத்தைத் துடைத்துப் பளபளப்பாக்காமல், எல்லாத் துண்டுகளையும் அப்படியே கொண்டுபோங்கள். படகிலிருந்து கழற்றும் முன், பக்கத்தில் ஸ்கேல் வைத்து செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உருகிய உலோகம் ஆறும்போது ஏறக்குறைய ஒன்றரை சதவிகிதம் சுருங்கும். பழைய பாகத்தையே அச்சாக வைத்தால் 100 மில்லிமீட்டர் கீல் 98.5 மில்லிமீட்டராகத்தான் வரும், திருகுத் துளைகள் ஒத்துப்போகாது. அதனால் மாதிரியைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லி, துளைகளை வார்ப்பு முடிந்த பிறகு லேத்தில் போட்டுக்கொள்வது நல்லது. கீல் ஒன்றுதான் உடைந்திருந்தாலும் இரண்டாக வார்க்கச் சொல்லுங்கள். ஜோடியில் மிச்சமிருப்பதற்கும் அதே வயதுதான்.