ஓயாத கவலை இதயத்தை அரிக்கும்!

இதயம் ஒரு நாளில் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது. அதற்குச் சக்தி தருவது எது? இதயத் தசையின் உயிரணுக்களுக்குள் இருக்கும் 'மைட்டோகாண்டிரியா'தான்! உணவுச் சத்தை எரித்துச் சக்தி தரும் குட்டி அடுப்புகள் அவை.

பயம் வந்தால் 'அட்ரினலின்' என்ற சுரப்பு நீர் இரத்தத்தில் கலக்கிறது. இதயம் படபடக்கிறது. பயம் தீர்ந்ததும் அடங்கிவிடுகிறது.

கவலை ஓயாவிட்டால்? அட்ரினலினும் ஓய்வதில்லை. உயிரணுவுக்குள் சுண்ணாம்புச் சத்து அளவுக்கு மீறிப் புகுகிறது. அந்தச் சுமை தாங்காமல் அடுப்புகள் பழுதாகின்றன. உயிரணுக்கள் மடிகின்றன. மடிந்தவை மீண்டும் முளைப்பது மிக அரிது. இதயம் தளர்ந்துபோகிறது.

அட்ரினலினின் வேகத்தை இதயத்தில் தடுக்கும் மருந்தை 1960-களில் கண்டுபிடித்தவர் ஸ்காட்லாந்து டாக்டர் ஜேம்ஸ் பிளாக். 1988-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மருந்து டாக்டர் கையில். நல்ல தூக்கம், தினசரி நடை, மனம்விட்டுப் பேசுவது எல்லாம் நம் கையில்!