200 ரூபாயா, நான்கரை லட்சமா?
மணமுறிவில் கைமாறும் வீடும் முத்திரைத் தீர்வையும்

மணவிலக்குப் பெறும் தம்பதி, இருவர் பெயரிலும் இருந்த அடுக்கக வீட்டைச் சமரசத்தின்பேரில் மனைவிக்கே விட்டுக்கொடுத்தால், அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2025-ஆம் ஆண்டில் ஒரு வழக்கில் ஆணையிட்டது. அந்த வழக்கில் மனைவி ஜீவனாம்சம் கோருவதைக் கைவிட்டார். கணவர் வீட்டின் மீதான தமது உரிமையைக் கைவிட்டார். வழக்கின் பொருளாகவே அமைந்துவிட்ட வீடு என்பதால், 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 17(2)(6) பிரிவின் விதிவிலக்கு அதற்குப் பொருந்தும் என்பது நீதிமன்றத்தின் முடிவு.

அதே 2025 ஆகஸ்டில் வேறொரு வழக்கை விசாரித்த அன்றைய தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான அமர்வு, மும்பை அடுக்கக வீடு ஒன்றை மனைவிக்குத் தானப் பத்திரம் மூலம் எழுதிக்கொடுக்குமாறு கணவருக்கு ஆணையிட்டது. இரு வழக்குகளிலும் வீடு மனைவிக்கே போய்ச் சேர்ந்தது. ஆனால் போய்ச் சேர்ந்த வழி வேறு. இந்த வழி வேறுபாடுதான் சாதாரணக் குடும்பங்களின் தலையில் லட்சக்கணக்கான ரூபாய் சுமையாக இறங்குகிறது.

மும்பையில் இதன் கனம் அதிகம். மாதுங்கா, செம்பூர், தாராவி ஆகிய பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு, வாழ்நாள் சேமிப்பு முழுவதும் ஒரே வீட்டில்தான் அடங்கியிருக்கிறது. மணவாழ்வு முறிந்தால் பங்கிட வேண்டியதும் அந்த ஒரு வீடுதான்.

சட்டம் சொல்வது என்ன?

1958-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர முத்திரைச் சட்டம், சொத்தை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றும் நீதிமன்றத் தீர்ப்பாணையையும் 'உரிமை மாற்று ஆவணம்' என்றே கருதுகிறது. விற்பனைக்குரிய விகிதமே அதற்கும் உரியது. மும்பையில் அது மெட்ரோ கூடுதல் வரியையும் சேர்த்து 6 சதவீதம். விலை ஏதும் கைமாறாவிட்டாலும், அரசு ஆண்டுதோறும் வெளியிடும் 'ரெடி ரெக்கனர்' மதிப்பின்படியே தீர்வை கணக்கிடப்படும். இதற்குமேல் பதிவுக் கட்டணம் 1 சதவீதம். அதன் உச்சவரம்பு 30 ஆயிரம் ரூபாய்.

இதற்கு நேர்மாறானது 2015-ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட திருத்தம். குடியிருப்பு வீட்டையோ விவசாய நிலத்தையோ கணவன், மனைவி, மகன், மகள், பேரப்பிள்ளைகள் ஆகியோருக்குத் தானமாகக் கொடுத்தால் முத்திரைத் தீர்வை வெறும் 200 ரூபாய்தான். கூடுதல் வரி, பதிவுச் செலவு ஆகியவை தனி.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். செம்பூரில் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தைச் சேர்ந்த ஒரு வீட்டின் அரசு மதிப்பு ஒன்றரைக் கோடி ரூபாய் என்று கொள்வோம். இருவருக்கும் சரிபாதி உரிமை. கணவர் தமது 75 லட்சம் ரூபாய் பங்கை மனைவிக்குத் தருகிறார். மணவிலக்குத் தீர்ப்புக்கு முந்தைய நாள் தானப் பத்திரம் பதிவானால் முத்திரைத் தீர்வை 200 ரூபாய். தீர்ப்புக்கு மறுநாள் என்றால் நான்கரை லட்சம் ரூபாய். வீடு வாங்கும் பெண்களுக்கென 2021 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட 1 சதவீதச் சலுகை இதற்கும் கிடைப்பதாகவே வைத்துக்கொண்டாலும், மூன்றே முக்கால் லட்சம் ரூபாய் கட்டியாக வேண்டும். மறுநாள் அவர் 'மனைவி' அல்லர் என்பதே காரணம்.

அப்படியானால் எல்லோரும் முன்னதாகவே தானப் பத்திரம் எழுதிவிடலாமே என்று தோன்றும். அதிலும் சிக்கல் உண்டு. எந்தக் கைம்மாறும் இன்றிக் கொடுப்பதே தானம் என்கிறது சொத்து மாற்றுச் சட்டம். ஜீவனாம்சத்தைக் கைவிடுவதற்கு ஈடாக வீடு தரப்படுகிறது என்று சமரச உடன்படிக்கையில் எழுதப்பட்டிருந்தால், அது தானமா, விலைக்கு ஈடான மாற்றமா என்ற கேள்வி எழும். மேலும், மணவிலக்கு உறுதியாகும் முன் வீட்டை எழுதிக்கொடுக்கக் கணவர் தயங்குவார். வீடு கைக்கு வரும் முன் சம்மதம் தர மனைவி தயங்குவார். ஒருவரையொருவர் நம்ப முடியாமல் பிரிகிறவர்களிடம் சட்டம் எதிர்பார்ப்பதோ நம்பிக்கையை.

விடுதலைப் பத்திரமும் கைகொடுப்பதில்லை. பூர்வீகச் சொத்தில் நெருங்கிய உறவினருக்கு உரிமையை விட்டுக்கொடுத்தால்தான் தீர்வையில் சலுகை. தம்பதி தாங்களே சம்பாதித்து வாங்கிய வீடு அந்தச் சலுகைக்குள் வராது. மணவிலக்குப் பத்திரத்துக்கெனச் சட்ட அட்டவணையில் தனி இனம் இருக்கிறது. ஆனால் அது மண உறவைத் துண்டிக்கும் ஆவணத்தைப் பற்றியது. சொத்து மாற்றத்தைப் பற்றியது அன்று.

தாராவியும் மாதுங்காவும்

பத்திரம் உள்ளவர்களின் நிலை இது. மாதுங்காவின் பழைய 'பகடி' கட்டடங்களில் குடியிருப்போருக்கு இருப்பது வாடகை உரிமைதான். வாடகைதாரர் இறந்தால், உடன் வசித்த குடும்பத்தினருக்கு அந்த உரிமை தொடர வழி உண்டு. பிரிந்தால் அப்படியில்லை, பெயரை மாற்ற கட்டட உரிமையாளரின் ஒப்புதலை நாட வேண்டும்.

குடிசை மறுவாழ்வுத் திட்ட வீடுகளுக்கான ஒப்பந்தம் கணவன், மனைவி இருவரின் கூட்டுப் பெயரிலேயே இருக்க வேண்டும் என்று மும்பையின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள் கூறுகின்றன. பெண்களுக்குக் கிடைத்த முக்கியமான பாதுகாப்பு இது. ஆனால் ஒரு குடிசைக்கு ஒரு வீடுதான். அதைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் கைமாற்றவும் தடை உண்டு. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் 2000-ஆம் ஆண்டுக்கு முன்பிருந்தே வசிக்கும் தகுதியுள்ள குடும்பத்துக்கு அறிவிக்கப்பட்டிருப்பது 350 சதுர அடி வீடு. கூட்டுப் பெயரில் நுழைந்த தம்பதி பிரிந்தால் எப்படி வெளியேறுவது என்பதற்கும் இப்போதே தெளிவான விதி தேவை.

ஊரில் உள்ள சொத்துக்கும் இதே கதைதான். தமிழகத்தில் குடும்ப உறுப்பினர்களுக்கிடையிலான தான செட்டில்மென்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம். 2023 ஜூலையில் அதன் உச்சவரம்பு 25 ஆயிரத்திலிருந்து 40 ஆயிரம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. குடும்பம் என்ற வரையறையில் மனைவி உண்டு. முன்னாள் மனைவி இல்லை.

வேறு நாடுகளில்...

பிரிட்டனில் மணமுறிவை ஒட்டிய நீதிமன்ற ஆணை அல்லது உடன்பாட்டின்படி வீடு கைமாறினால் நில முத்திரைத் தீர்வை இல்லை. பிரியும் தம்பதிக்கான மூலதன ஆதாய வரிச் சலுகைக் காலத்தையும் அந்நாடு 2023 ஏப்ரலில் நீட்டித்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும் இத்தகைய மாற்றங்களுக்குச் சொத்து மாற்று வரியிலிருந்து விலக்கு அளிக்கிறது. இருவரும் சேர்ந்து உருவாக்கிய சொத்தைப் பிரித்துக்கொள்வது விற்பனை ஆகாது என்பதே அந்தச் சட்டங்களின் அடிப்படை.

இந்தியாவில் இந்த அடிப்படையே இன்னும் முழுமையாக ஏற்கப்படவில்லை. மணவாழ்வில் சேர்த்த சொத்தில் மனைவிக்குப் பங்கு தர வகைசெய்த திருமணச் சட்டத் திருத்த மசோதா 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறாமல் 2014-இல் காலாவதியானது. இல்லத்தரசியின் உழைப்பும் சொத்து சேர்ப்பதில் பங்களிப்பே என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். அந்தப் பங்களிப்பு உண்மை என்றால், மணமுறிவில் அவர் பெறுவது அவருடைய சொந்தப் பங்கே. அதற்குத் தீர்வை விதிப்பது எப்படி நியாயமாகும்?

உச்ச நீதிமன்றத்தின் 2025-ஆம் ஆண்டு ஆணை நல்ல முன்னுதாரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் சார் பதிவாளர் அலுவலகத்தில் ஆவணத்தை நீட்டும் ஒவ்வொரு பெண்ணும் தமது வழக்கும் அதைப் போன்றதே என்று வாதாடி நிறுவ வேண்டியிருப்பது நிவாரணம் ஆகாது.

முத்திரைத் தீர்வையின் விகிதத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் பெரும்பாலும் மாநிலங்களிடமே உள்ளது. மகாராஷ்டிர முத்திரைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவின்கீழ் ஓர் அறிவிக்கை வெளியிட்டாலே தீர்வையைக் குறைக்கலாம். முற்றிலும் நீக்கவும் செய்யலாம். கரோனா காலத்தில், 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, வீட்டு விற்பனையைத் தூக்கி நிறுத்த 5 சதவீதமாக இருந்த தீர்வையை அந்த மாநில அரசு 2 சதவீதமாகக் குறைத்தது. கட்டுமான நிறுவனங்களின் விற்காத வீடுகளுக்காகக் குறைக்க முடிந்த தீர்வையை, மணமுறிந்து குழந்தைகளுடன் ஒரே வீட்டை நம்பி நிற்கும் பெண்ணுக்காகக் கைவிட முடியாதா? இதற்கு அதிகாரம் இல்லை என்று மும்பையிலோ சென்னையிலோ எந்த அரசும் சொல்ல முடியாது. மனம் இருக்கிறதா என்பதே கேள்வி.