சந்திரனில் மனிதன் இறங்கியது மெய்யோ, பொய்யோ?

"சந்திரனுக்கு மனிதன் போனதே இல்லை, எல்லாம் அமெரிக்கன் எடுத்த சினிமா" என்னும் பேச்சு இன்று நமது வீடுகளிற் சர்வசாதாரணமாக அடிபடுகிறது. பாடசாலைப் பிள்ளை கைத்தொலைபேசியில் எதையோ பார்த்துவிட்டு வந்து சொல்கிறான். தகப்பனார் முதலிற் சிரிக்கிறார். "காற்றில்லாத இடத்திற் கொடி எப்படி அப்பா அசைந்தது?" என்று அவன் அடுத்த கேள்வியைப் போட்டதும் சிரிப்பு நின்றுவிடுகிறது. "புத்தகத்தில் இருக்கிறது, போய்ப் படி" என்று அதட்டி அனுப்புவதோடு பல வீடுகளில் விவகாரம் முடிந்துவிடுகிறது. இஃது ஒரு மறுமொழியாகுமா? கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு விடை சொல்லத் தெரியாத வீடு, நாளை அவனை வேறு யாரிடமாவது விடை தேட அனுப்பிவிடும். ஆதலால் அந்த வழக்கை இவ்வாரம் நாம் எடுத்து விசாரிப்போம்.

முதலில் நடந்ததாகச் சொல்லப்படுவது யாது? 1969 ஆம் ஆண்டு யூலை மாதம் 16 ஆந் திகதி, 363 அடி உயரமான சற்றேண்-5 என்னும் றொக்கெற், நீல் ஆம்ஸ்ரோங், எட்வின் அல்ட்ரின், மைக்கல் கொலின்ஸ் என்னும் மூவரைச் சுமந்துகொண்டு புளோரிடாவிலிருந்து கிளம்பியது. இலங்கை நேரப்படி 21 ஆந் திகதி அதிகாலை 1.47 மணிக்கு முதலிருவரும் 'கழுகு' என்னும் சிறு கலத்திற் சந்திரத் தரையில் இறங்கினர். காலை 8.26 மணிக்கு ஆம்ஸ்ரோங்கின் பாதம் மண்ணிற் பட்டது. அந்நாட்களில் நமது நாட்டில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை இருக்கவில்லை. 1966 முதல் 1971 வரை போயா தினங்களே வாரவிடுமுறையாக இருந்தன. சந்திரனின் கலையைப் பார்த்துக் கந்தோரைப் பூட்டிய ஒரு தேசம், அதே சந்திரனில் மனிதன் இறங்கிய செய்தியை வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்து கேட்டது. தொலைக்காட்சி நமக்கு வாய்த்தது 1979 இலேதான்.

அதன்பின் 1972 டிசம்பர் வரை மேலும் ஐந்து முறை அமெரிக்கர் இறங்கினர். மொத்தம் பன்னிருவர் அங்கே நடந்தனர். 1970 இற் சென்ற அப்பலோ 13 மட்டும் வழியில் ஒட்சிசன் தாங்கி வெடித்ததால் இறங்காமலே திரும்பியது.

இதனை மறுக்கும் பேச்சு எப்போது பிறந்தது என்பது கவனிக்கத்தக்கது. றொக்கெற் எந்திரங்கள் செய்யும் ஒரு கம்பனியில் முன்னர் எழுத்து வேலை பார்த்த பில் கேசிங் என்பவர், நாம் சந்திரனுக்குப் போகவேயில்லை என்னும் பொருள்பட 1976 இல் ஒரு நூலைத் தாமே வெளியிட்டார். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர்தான் வோட்டர்கேற் விவகாரத்தில் ஜனாதிபதி நிக்ஸன் பதவி துறந்திருந்தார். வியட்நாம் யுத்தம் பற்றி அரசு சொல்லிவந்த பொய்களும் வெளியாகியிருந்தன. ஒரு தேசத்தின் அரசாங்கம் இரண்டு விடயங்களிற் பொய் சொல்லிப் பிடிபட்டால், மூன்றாவதையும் மக்கள் ஐயுறுவர். அதிலே வியப்பில்லை. 1978 இற் செவ்வாய்க் கிரகப் பயணத்தை அரசு பொய்யாகப் படம் பிடிப்பதாகக் கதை புனைந்த ஒரு சினிமா வந்தது. 2001 இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையம் இந்தச் சந்தேகங்களையெல்லாம் திரட்டி ஒரு நிகழ்ச்சியாகவே காட்டியது. ஆயினும் 1999 இல் அமெரிக்காவில் எடுத்த கலப் கருத்துக்கணிப்பிற் பயணம் பொய்யென்றோர் நூற்றுக்கு அறுவரே.

இக்கதையில் நமக்கும் ஒரு சிறு பங்குண்டு. சந்திரப் படங்களை இரகசியமாக எடுத்துக் கொடுத்தவர் ஸ்ரான்லி கியூபிறிக் என்னும் சினிமா நெறியாளர் என்று சொல்வோருளர். அவர் 1968 இல் வெளியிட்ட விண்வெளிப் படத்தின் கதையை அவருடன் சேர்ந்து எழுதியவர் வேறு யாருமல்லர், 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆதர் சீ. கிளார்க் அவர்களே. ஆம்ஸ்ரோங் இறங்கிய நாளில் கிளார்க் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அமர்ந்து விளக்கவுரை வழங்கிக்கொண்டிருந்தார். கியூபிறிக் அவர்களின் படத்தை இன்று பார்ப்பவர், அதிலே சந்திரத் தரையின் தூசி எப்படி விழுகிறது என்பதைக் கூர்ந்து நோக்குவாராக. பின்பு அப்பலோ 15, 16, 17 வீரர்கள் ஓட்டிய வண்டியின் படத்தையும் பார்ப்பாராக. வண்டிச் சில்லு வாரியெறியும் தூசி, புகையாய்ச் சுழன்று மிதக்காமல், எறிந்த கல்லைப்போல் வளைந்து சென்று உடனே தரையில் விழுகிறது. காற்று இருக்கும் இடத்தில் நுண்தூசி அப்படி விழாது. ஒரு பெரிய மண்டபத்திலிருந்து காற்று முழுவதையும் உறிஞ்சிவிட்டுத்தான் அதனைப் படமாக்கியிருக்க வேண்டும். அது சந்திரனுக்குப் போவதிலும் இலேசான காரியமாகத் தோன்றவில்லை.

கொடிக்கு வருவோம். காற்றில்லாத இடத்திற் கொடி தொங்கிவிடும் என்பதை அனுப்பியவர்கள் அறியாதவர்களா? அதற்காகவே மேல் விளிம்பிற் குறுக்குக் கம்பியொன்றைக் கோத்திருந்தனர். அப்பலோ 11 இல் அக்கம்பி முழுமையாக நீளவில்லை. ஆகவே சீலை சுருங்கி, காற்றில் அலைவதுபோற் படத்தில் தோற்றமளித்தது. கம்பத்தை வீரர் கையாற் பிடித்துத் திருகும்போது கொடி ஆடும். தடுக்கக் காற்றில்லாமையால் ஆட்டம் சற்று நீடிக்கவுஞ் செய்யும். கைவிட்டபின் நெடுநேரம் அசையாமலே நிற்பதையும் படச்சுருள் காட்டுகிறது. அசைந்த பகுதியை மட்டும் வெட்டிக் காட்டுபவர்கள் இதனைக் காட்டுவதில்லை.

வானத்தில் நட்சத்திரம் இல்லையே என்பதற்கு விடையை மாணவர்கள் இன்றிரவே தாமாகக் கண்டுகொள்ளலாம். மின்விளக்கு வெளிச்சத்தில் நிற்கும் தம்பியை, பின்னணியில் வானம் தெரியும்படி கமெராவிற் படம் பிடித்துப் பாருங்கள். தம்பி தெளிவாக விழுவான்; நட்சத்திரம் விழாது. சந்திரனில் அவர்கள் இறங்கியது பகற்பொழுதில். வெயிலில் மின்னும் வெள்ளை உடைக்கேற்றவாறு கமெராவின் கண்ணை ஒரு கணமே திறந்தனர். மங்கிய நட்சத்திர ஒளி படச்சுருளிற் பதிய அக்கணம் போதாது.

பூமியைச் சூழ்ந்துள்ள கதிர்வீச்சு வளையங்கள் மனிதரைக் கொன்றிருக்கும் என்பது சற்றுக் கனமான ஆட்சேபம். வான் அலன் வளையங்கள் 1958 இற் கண்டுபிடிக்கப்பட்டவை. அவை ஆபத்தானவை என்பதும் மெய்யே. ஆனால் ஆபத்து அங்கே தங்கும் காலத்தைப் பொறுத்தது. அடர்த்தி மிகுந்த பகுதியைத் தவிர்த்து ஒரு சில மணித்தியாலங்களில் அவர்கள் கடந்து சென்றனர். வீரர்கள் அணிந்திருந்த கருவிகள் காட்டிய அளவு பயணமொன்றுக்குச் சராசரியாக ஒரு ராட்டிலும் குறைவு. மனித உயிரைப் போக்கப் பல நூறு ராட் வேண்டும். அடுப்பு நெருப்பின்மேல் விரலை விரைந்து வீசி எடுப்பதற்கும் அங்கேயே வைத்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

இவையெல்லாம் படங்களைப் பற்றிய வாதங்கள். நம்மைப் பொறுத்தவரை வழக்கைத் தீர்ப்பவை வேறு.

சோவியத் ருஷ்யாவை நினைத்துப் பாருங்கள். முதற் செயற்கைச் சந்திரனை அனுப்பியவர்களும், முதல் மனிதனை விண்ணுக்கு ஏற்றியவர்களும் அவர்களே. அமெரிக்கனின் பொய்யை உலகறிய உடைத்தெறிவதிற் பெருலாபம் அவர்களுக்கு இருந்தது. உடைக்கும் ஆற்றலும் இருந்தது. அதே வாரத்தில் அவர்களுடைய ஆளில்லாத லூனா 15 கலம் சந்திரனைச் சுற்றிக்கொண்டிருந்தது. அமெரிக்கர் அங்கே இருக்கையிலேயே அது சந்திரனில் மோதி அழிந்தது. இங்கிலாந்தின் ஜோட்றெல் பாங்க் வானொலித் தொலைநோக்கி இரண்டு கலங்களையும் தொடர்ந்து கவனித்து வந்தது. ஆம்ஸ்ரோங் இறங்கிய காட்சி அவுஸ்திரேலியாவிலுள்ள ஹனிசக்கிள் கிறீக், பார்க்ஸ் நிலையங்களின் வழியாகவும் உலகுக்கு அஞ்சலாயிற்று. அவ்வாங்கிகள் சந்திரனை நோக்கித் திரும்பியிருந்தபடியாலேயே குரலும் படமும் கிட்டின. ஒலி வேறு திசையிலிருந்து வந்திருந்தால், ருஷ்ய நிபுணர் ஒரே நாளில் அதனை உலகிற்குச் சொல்லியிருப்பர். அவர்கள் சொல்லவில்லை.

இதில் ஒரு வேடிக்கையுமுண்டு. அக்காலத்தில் சந்திரப் பயணத்தைப் பற்றி உண்மையாகவே ஒரு பெரிய மறைப்பு நடந்தது. அதனை மறைத்தது அமெரிக்கா அன்று, ருஷ்யா! மனிதனைச் சந்திரனுக்கு அனுப்பவென்று அவர்கள் கட்டிய என்-1 என்னும் இராட்சத றொக்கெற், ஆம்ஸ்ரோங் புறப்படுவதற்குப் பதின்மூன்று நாட்களின்முன், யூலை 3 ஆந் திகதி, ஏவுதளத்தின்மேலேயே விழுந்து வெடித்தது. 1969 முதல் 1972 வரை நான்கு முறை ஏவி நான்கு முறையும் தோல்வி கண்டனர். "நாம் பந்தயத்தில் ஓடவேயில்லை" என்று உலகுக்குச் சொல்லிவிட்டுப் பேசாதிருந்தனர். இரும்புத் திரை போட்ட நாட்டின் அந்த இரகசியம் என்னவாயிற்று? சிதைந்த ஏவுதளத்தை அமெரிக்க உளவுச் செய்மதிகள் படம் பிடித்துவிட்டன. 1980 களின் இறுதியில், நாட்டின் கதவுகள் சற்றே திறந்தபோது, ருஷ்யரே முழுவதையும் ஒப்புக்கொண்டனர். ஏறத்தாழ 4 இலட்சம் பேர் வேலை செய்த அப்பலோ முயற்சியில், இத்தனை ஆண்டுகளாக ஒருவர்கூட மரணப் படுக்கையிலேனும் ஓர் ஆதாரத்தை நீட்டவில்லை என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது கல். ஆறு பயணங்களிலும் சேர்த்து 382 கிலோ கல்லும் மண்ணும் வந்தன. அவற்றில் நீர் கலந்த கனிப்பொருளைக் காண்பது அரிது. காற்றின் காவல் இல்லாத இடத்தில் நுண்ணிய விண்தூசி மோதி உண்டாக்கிய குழிகள் கல்லின் முகத்திற் காணப்படுகின்றன. சில 400 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. பல நாட்டு ஆய்வுகூடங்களும் இவற்றை வாங்கிச் சோதித்துள்ளன. ருஷ்யர் 1970 இல் ஆளில்லாத லூனா 16 கலத்தால் சுமார் 100 கிராம் சந்திரமண் கொண்டுவந்தனர். 1971 இல் இரு நாடுகளும் தத்தம் மண்ணிற் சில கிராம் மாற்றிக்கொண்டன. 2020 இற் சீனா 1.7 கிலோவும், 2024 இற் சந்திரனின் மறுபக்கத்திலிருந்து ஏறக்குறைய 1.9 கிலோவும் கொண்டுவந்தது. அமெரிக்கனின் கல் உள்ளூர்க் கல் என்றால் இந்தச் சீன ஆய்வாளர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்களா? 1972 இற் சந்திரனிலேயே அடைத்து முத்திரையிட்ட ஒரு குழாயை, கருவிகள் மேம்படட்டும் என்று காத்திருந்து, 2022 இலேதான் திறந்தார்கள். பொய்க் கல்லை ஐம்பதாண்டு பத்திரப்படுத்துபவன் எவன்?

மறுப்பவர்கள் பக்கத்திலும் நியாயமான குறை ஒன்றுண்டு. அதனை ஒளித்தல் தகாது. அப்பலோ 11 இன் மூலத் தொலைக்காட்சிப் பதிவு நாடாக்கள் இன்று இல்லை. நாடாப் பஞ்சத்தில் அவற்றை அழித்து வேறு தரவுகளைப் பதிந்துவிட்டதாக 2009 இல் விண்வெளி நிறுவனமே ஒப்புக்கொண்டது. மனித வரலாற்றின் பெருங்காட்சியொன்றைப் பழைய சீலையைப்போற் கழுவிப் பாவித்த மடமையை மன்னிக்க நமக்கு மனம் வரவில்லை. எனினும் ஒளிபரப்பின் பிரதிகள் பலவிடங்களில் உள. புகைப்படங்களும் சினிமாச் சுருளும் உள. ஒரு கந்தோரின் கவனக்குறைவு சதிக்குச் சாட்சியாகாது.

"போனது மெய்யென்றால் அரைநூற்றாண்டுக் காலம் ஏன் மறுபடி இறங்கவில்லை?" என்பதும் நல்ல கேள்வியே. விடை பணத்தில் இருக்கிறது. 1966 இல் அமெரிக்க மத்திய அரசின் செலவில் நூற்றுக்கு நாலு பங்குக்கு மேல் இவ்விண்வெளி நிறுவனத்துக்குச் சென்றது. பின்னாளில் அது ஒன்றிலுங் குறைந்தது. ருஷ்யனை முந்துவதே நோக்கமாக இருந்தது. முந்தியாயிற்று, வாக்காளர் அலுத்துப்போயினர், அப்பலோ 18, 19, 20 பயணங்கள் 1970 இலேயே கைவிடப்பட்டன.

வீரர்கள் விட்டுவந்த பொருள்கள் சில இன்றும் வேலை செய்கின்றன. அப்பலோ 11, 14, 15 பயணங்களில் வைத்த கண்ணாடித் தெறிப்பிகளை நோக்கிப் பூமியிலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சினால், இரண்டரை விநாடியில் அது திரும்பி வருகிறது. சந்திரன் ஆண்டுக்கு 3.8 சென்ரிமீற்றர் வீதம் நம்மை விட்டு விலகிச் செல்கிறது என்று அறிந்தது இவற்றாலேயே. ஆளில்லாத ருஷ்ய வண்டிகளும் இத்தகைய தெறிப்பிகளைக் கொண்டு சென்றன. ஆகவே இது தனியே மனிதனுக்குச் சாட்சியாகாது எனின், அதனையும் ஏற்றுக்கொள்வோம். ஆனால் 2009 இல் அனுப்பப்பட்டுச் சந்திரனைச் சுற்றத் தொடங்கிய ஓர் அமெரிக்கக் கலம் மேலிருந்து பிடித்த படங்களில், இறங்கு கலங்களின் அடிப்பாகமும், வண்டித் தடமும், வீரர்கள் கருவிகளிடையே நடந்து சென்ற ஒற்றையடிப் பாதைகளும் கறுப்புக் கோடுகளாகத் தெரிகின்றன. அமெரிக்கன் படத்தை அமெரிக்கனே காட்டுகிறான் என்பார் இருப்பின், இந்தியாவின் சந்திரயான் 2 கலம் 2021 இல் எடுத்த படத்தையும் பார்க்கலாம்.

1969 இற் சந்திரனைவிட்டு மேலெழும்போது, எந்திரத்தின் வீச்சில் தங்கள் கொடி சாய்ந்து விழுந்ததைக் கண்டதாக அல்ட்ரின் அப்போதே கூறியிருந்தார். நாற்பதாண்டுகளுக்கு மேல் எவராலும் அதனைச் சோதிக்க இயலவில்லை. 2012 இல், வெவ்வேறு வேளைகளில் எடுத்த படங்களை ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்த்தனர். அப்பலோ 12, 16, 17 இறங்கிய இடங்களிற் சூரியன் நகர நகரக் கொடியின் நிழலும் தரையிற் சுற்றி வந்தது. அப்பலோ 11 இறங்கிய இடத்தில் அப்படியொரு நிழல் இல்லை.