ஒண்ணா, ரெண்டா? படகு வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு பாலன்ஸ் ஷீட்

'கேட்டமரான்' என்று வெள்ளைக்காரர்கள் ஸ்டைலாக உச்சரிக்கிறார்களே, அது நம்ம வீட்டுச் சொத்து. கட்டு, மரம். மரத்தைக் கட்டினால் கட்டுமரம். அவ்வளவுதான் இலக்கணம். வில்லியம் டாம்பியர் என்ற இங்கிலீஷ் மாலுமி (கொஞ்சம் கடற்கொள்ளையும் பார்ட் டைமாகச் செய்தவர்) சோழ மண்டலக் கரையில் இதைப் பார்த்துவிட்டு, 1697-ல் வெளிவந்த தன் பயணப் புத்தகத்தில் எழுதி வைத்தார். அன்றைக்குக் கப்பலேறிய வார்த்தை இன்றைக்கு ரெண்டு பெட்ரூம், கிச்சன், ஷவர், சோலார் பேனல் சகிதம் திரும்பி வந்து நின்று, கோடிக் கணக்கில் விலை கேட்கிறது.

கேட்டால் கேட்கட்டும். ஆசைப்படுவதற்கு ஜி.எஸ்.டி. இல்லை. மத்தியான டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, நீலக் கடலில் பாய் விரித்துப் போகிறவர்களை யூட்யூபில் பார்த்துப் பெருமூச்சு விடாத ஆபீஸ் எது? அப்படிப் பார்க்கும்போது ஒரு கேள்வி வரும். ரெண்டு உடம்பு உள்ள கேட்டமரான் நல்லதா, ஒரே உடம்பு உள்ள சாதாரணப் பாய்மரப் படகு நல்லதா?

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வியைக் கேட்க முழு உரிமை உண்டு. 'புதுக்கோட்டையில் ஏது கடல்?' என்று திருச்சிக்காரர்களே கேட்பார்கள். அறந்தாங்கியைத் தாண்டிக் கிழக்கே போங்கள். கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று சுமார் 40 கிலோமீட்டருக்குக் கரை நீள்கிறது. எதிரே பாக் நீரிணை. அதற்கப்பால் யாழ்ப்பாணம்.

பேர் நம்முடையது, உடம்பு யாருடையது?

முதலில் ஒரு சிக்கலைத் தீர்த்துவிடலாம். நம் கட்டுமரத்துக்கு ரெண்டு உடம்பு கிடையாது. லேசான மரத்துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் கட்டிய தெப்பம் அது. தண்ணீர் உள்ளே வரும், இடுக்கு வழியாக வெளியே போகும். அலை அடித்து 'நிரம்பி' மூழ்குகிற பேச்சே இல்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து வெயிலில் காயப் போடலாம். சென்னை, கடலூர் போல அலை உடைந்து அடிக்கிற கரைக்கு அதைவிடப் புத்திசாலித்தனமான வாகனம் இல்லை. ஓட்டுகிறவர் நனைந்துகொண்டே இருக்க வேண்டும். அது ஒன்றுதான் கஷ்டம்.

ரெண்டு தோணியைக் குறுக்குக் கட்டையால் இணைக்கிற யோசனை பசிபிக் தீவுக்காரர்களுடையது. 1876-ல் நதானியல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் அந்த மாதிரி 'அமரில்லிஸ்' என்று ஒன்றைக் கட்டி, நியூயார்க் போட்டியில் எல்லாரையும் பின்னால் விட்டார். பரிசு கொடுத்தார்களா? 'இதெல்லாம் படகில் சேர்த்தி இல்லை' என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆபீஸில் ஓவராக வேலை செய்கிறவனுக்கு நடப்பதுதான். பசிபிக்கின் உடம்பு, தமிழின் பேர், அமெரிக்காவின் மார்க்கெட்டிங். இதுதான் இன்றைய கேட்டமரான்.

மூணாவதாக ஒரு வழி

கோட்டைப்பட்டினம் பக்கத்துக் கடல், சென்னைக் கடல் மாதிரி சீறாது. குறுக்கே இலங்கை இருப்பதால் வங்கக் கடலின் பெரிய அலைகள் உள்ளே வருவதில்லை. ஆழமும் குறைவு. பெரும்பாலான இடங்களில் 15 மீட்டரைத் தாண்டாது. கரையோரம் சேறு, முழங்கால் தண்ணீர். எனவே இந்தக் கரையில் கட்டுமரத்தைவிட வள்ளமும் வத்தையும்தான் அதிகம் கோலோச்சின. ரெண்டும் ஒற்றை உடம்புக்காரர்கள்.

வத்தை என்பது பலகையால் கட்டிய படகு. அந்தக் காலத்தில் மூன்று பாய்மரம். ஆழம் குறைந்த கடல் என்பதால் அடியில் ஆழமாக எதையும் தொங்கவிட முடியாது, தரை தட்டும். அப்படியென்றால் காற்று வேகமாக அடிக்கும்போது கவிழாமல் இருப்பது எப்படி? குறுக்கே ஒரு நீளப் பலகையைப் படகுக்கு வெளியே நீட்டினார்கள். காற்று ஒரு பக்கம் சாய்த்தால், ஆட்கள் மறுபக்கப் பலகையின் நுனிக்குப் போய் உட்கார்ந்துகொள்வார்கள். மனிதனே எதிர் எடை! சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னல், 1920-ல் வெளியிட்ட ஆய்வில் இதை எழுதியிருக்கிறார். ஒற்றை உடம்புக்கும் இரட்டை உடம்புக்கும் நடுவில், செலவே இல்லாமல் கண்டுபிடித்த மூன்றாவது வழி. 1990-களில் லூசி ப்ளூ, ஷான் மெக்ரெயில் முதலான இங்கிலாந்து ஆய்வாளர்கள் அதிராம்பட்டினம் பகுதிக்கு வந்து வத்தையை அங்குலம் அங்குலமாக அளந்துகொண்டு போனார்கள். நாம் யூட்யூபில் அவர்கள் படகைப் பார்க்கிறோம். அவர்கள் டேப்போடு வந்து நம் படகைப் பார்க்கிறார்கள்.

இப்போது பாய் போய் இன்ஜின் வந்துவிட்டது. வத்தைக்குப் பதில் ஃபைபர் படகு. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகுகள் வரிசை கட்டி நிற்கின்றன. அங்கே கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் நம் கேள்வியைப் போட்டேன்.

"எதுக்கு தம்பி? மீனுக்கா, சும்மா போறதுக்கா?"

"சும்மா போறதுக்குத்தான் அண்ணே."

ஏற இறங்கப் பார்த்தார். "சும்மா கடலுக்குப் போறவனை இப்பத்தான் பாக்குறேன். சரி, படகு கவுந்தா அப்புறம் என்ன ஆகும்னு கேட்டீங்களா? அதைக் கேளுங்க மொதல்ல. கவுறாத படகுன்னு எவனாச்சும் வித்தா வாங்காதீங்க."

விற்பனைக்காரர்களின் பளபளா புத்தகத்தில் இந்தக் கேள்வி கடைசிப் பக்கத்தில்கூட இருக்காது. பெரியவர் சொன்னபடி அதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

பொம்மையும் கட்டிலும்

ஒற்றை உடம்புப் படகு, தஞ்சாவூர் பொம்மை. அடியில் கனம். படகின் வயிற்றுக்குக் கீழே மீன் துடுப்பு மாதிரி ஒரு கீல், அதில் ஈயமோ இரும்போ அடிப்பாரமாக இருக்கும். பல படகுகளில் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு இந்தப் பாரம்தான். காற்று தள்ளினால் சாயும், விட்டால் நிமிரும். பேரலை புரட்டிப் போட்டால்கூட, உள்ளே தண்ணீர் புகாமல் இருந்தால் திரும்ப எழுந்து நிற்கும். ஆனால் ஓட்டை விழுந்து நிரம்பினால், அதே ஈயம் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும்.

இரட்டை உடம்பு, கட்டில். நாலு கால் அகலமாக ஊன்றியிருக்கிறது, லேசில் சாயாது. ஆனால் கவிழ்ந்த கட்டில் தானாக எழுந்து நின்றதாகச் சரித்திரம் இல்லை. ஒரு ஆறுதல், அடிப்பாரம் இல்லாததால் பெரும்பாலான கேட்டமரான்கள் கவிழ்ந்தாலும் மிதக்கும். தலைகீழ் வீட்டின் மேல் உட்கார்ந்து உதவிக்குக் காத்திருக்கலாம்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு நுணுக்கம் இருக்கிறது. காற்று கூடும்போது ஒற்றை உடம்பு சாய்ந்து சாய்ந்து எச்சரிக்கும். சாயும்போது பாயிலிருந்து காற்றும் கொஞ்சம் வழிந்துவிடும். 'யப்பா, பாயைச் சுருக்கு' என்று படகே கெஞ்சும். கேட்டமரான் அப்படிக் கெஞ்சாது. கடைசி நிமிஷம் வரை கம்மென்று ஓடும். கிரெடிட் கார்டு மாதிரி, எல்லாம் சௌக்கியமாகவே இருக்கும், ஸ்டேட்மென்ட் வருகிற வரைக்கும். அதனால் கேட்டமரான் ஓட்டுகிறவர் காற்றின் வேகத்தை மீட்டரில் பார்த்து, இத்தனை வேகத்துக்கு இத்தனை பாய் என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே சுருக்க வேண்டும்.

வரவு, செலவு

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கோடு போடத் தோன்றும்.

ஆழம்: 40 அடி நீள ஒற்றை உடம்புக்கு 2 மீட்டர் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். அதே நீளக் கேட்டமரானுக்குச் சுமார் 1.2 மீட்டர் போதும். சேற்றுத் தரையில் தண்ணீர் வற்றினால் கேட்டமரான் ரெண்டு காலில் நிற்கும்; கீல் படகு ஒருக்களித்துப் படுத்துவிடும். நம்ம பாக் நீரிணைக்கு இது பெரிய விஷயம். கிரெடிட், கேட்டமரானுக்கு.

சாய்வு: ஒற்றை உடம்பு 15, 20 டிகிரி சாய்ந்தபடி மணிக்கணக்காக ஓடும். அதில் சாம்பார் வைக்கிறவருக்குப் பரமவீர சக்ரா கொடுக்கலாம். கேட்டமரானில் டபரா டம்ளர் வைத்த இடத்தில் இருக்கும். இதுவும் கேட்டமரானுக்கே.

செலவு: இங்கேதான் அடி. ரெண்டு உடம்பு, பெரும்பாலும் ரெண்டு இன்ஜின், ரெண்டு சுக்கான், அடிப்பக்கம் ரெண்டு பங்கு பெயின்ட். இரட்டைப் பதிவு முறை என்று எங்கள் காமர்ஸில் சொல்வது இதைத்தானோ என்னவோ. அகலமும் 20 அடிக்கு மேல் போகும் (ஒற்றை உடம்பு 13 அடி). வெளிநாட்டுத் துறைகளில் பல இடங்களில் ஒன்றரைப் பங்கு வாடகை வாங்குகிறார்கள். தெருவில் ரெண்டு சைக்கிள் இடத்தை அடைக்கிற புல்லட் கதை.

சுமை: கேட்டமரானில் இடம் தாராளம். இடம் இருக்கிறதே என்று ஊறுகாய் ஜாடி, கிரைண்டர், ரெண்டு மூட்டை பொன்னி அரிசி ஏற்றினால் அதன் வேகம் போய்விடும். நடுத்தளத்தின் அடியில் அலை வந்து டமார் டமார் என்று அறையும். ஒற்றை உடம்பு சுமையைப் பொறுத்துக்கொள்ளும். எதிர்க்காற்றில் முன்னேறுவதிலும் பொதுவாக அதுவே கெட்டிக்காரன்.

கடல் கொடுத்த தீர்ப்பு

தூரப் பயணத்தின் சரித்திரத்தைப் புரட்டினால் ஒற்றை உடம்பின் பக்கம் கனமாக இருக்கிறது. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்க, அந்த ஊர் மாலுமிகளே அதை ஓட்டிப் போய் 1938-ல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். நம் கடற்படையின் அபிலாஷ் டோமி 2012-13-ல் எங்கும் நிற்காமல் தன்னந்தனியாக உலகைச் சுற்றிய 'மாதே'யும், 2024 அக்டோபரில் கிளம்பி 2025 மே மாதம் திரும்பிய தில்னா, புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமி என்ற இரு அதிகாரிகள் ஓட்டிய 'தாரிணி'யும் கோவாவில் கட்டிய ஒற்றை உடம்புப் படகுகளே.

தஞ்சாவூர் பொம்மைத் தத்துவத்துக்குச் சாட்சியும் டோமிதான். 2018 செப்டம்பரில் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் புயல் அவர் படகைப் புரட்டியது. பாய்மரம் ஒடிந்தது, முதுகெலும்பில் பலத்த அடி. படகு நிமிர்ந்துவிட்டது. அசைய முடியாமல் அதற்குள்ளேயே கிடந்தவரை மூன்று நாள் கழித்து ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்டது. அதே மனிதர் அதே போட்டிக்குத் திரும்பப் போய் 2023-ல் இரண்டாவதாக வந்தார் என்பது வேறு விஷயம். நமக்கெல்லாம் முதுகு பிடித்தால் ரெண்டு நாள் லீவ்.

அதற்காகக் கட்டில் கட்சியைத் தள்ளிவிட முடியாது. ஜேம்ஸ் வாரம் என்ற ஆங்கிலேயர், 1950-களில் தன் கையால் கட்டிய 24 அடிகூட இல்லாத இரட்டை உடம்புப் படகில் அட்லாண்டிக்கைத் தாண்டினார். 1976-ல் 'ஹோகுலேயா' என்ற இரட்டைத் தோணி, கருவி எதுவும் இல்லாமல் நட்சத்திரம் பார்த்தே ஹவாயிலிருந்து தஹிதி போனது.

சரி, எதைத்தான் வாங்குவது?

கரையோரம், ஆழமில்லாத கடல், குடும்பத்தோடு நாலு நாள் என்றால் சின்னக் கேட்டமரான். வங்கக் கடலைத் தாண்டி மாதக் கணக்கில், ஒருவர் இருவராக, கையைக் கடிக்காத செலவில் என்றால் ஒற்றை உடம்பு. காசு நிறைய இருந்து, பாயைச் சுருக்குகிற ஒழுக்கமும் இருந்தால் பெரிய கேட்டமரான். இதுதான் என் ஆடிட் ரிப்போர்ட்.

ஒரு எச்சரிக்கை. கோட்டைப்பட்டினத்தில் பாய் விரித்துக் காற்று போன போக்கில் போக முடியாது. 1974, 1976 ஒப்பந்தங்களில் போட்ட எல்லைக் கோடு ரொம்பப் பக்கம். தண்ணீரில் அந்தக் கோடு தெரியாது. அதைத் தாண்டியதற்காகப் படகையும் பிழைப்பையும் இழந்த குடும்பங்கள் அந்தக் கரையில் நிறைய. 'சும்மா போறவனை இப்பத்தான் பாக்குறேன்' என்று பெரியவர் சொன்னது வெறும் கிண்டல் இல்லை. அவர்களுக்குக் கடல் என்பது ஆபீஸ்.

நம்மைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு வாங்குவதற்கு முன்னால் கற்றுக்கொள்வது மலிவு. சென்னையில் 1911-லிருந்து ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. டோக்கியோ, பாரிஸ் என்று ரெண்டு ஒலிம்பிக்ஸ் பார்த்த நேத்ரா குமணன் சென்னைக்காரர்தான். சின்ன ஒற்றை உடம்புப் படகிலேயே ஆரம்பியுங்கள். அது நாலு தரம் தண்ணீரில் தள்ளும். அப்படி விழுந்து விழுந்துதான் காற்று எப்போது கோபப்படும் என்று உடம்புக்குத் தெரிய வரும். பிறகு கேட்டமரானில் ஏறினாலும் அது சொல்லாத எச்சரிக்கை உங்களுக்குக் கேட்கும்.

லைஃப் ஜாக்கெட்டை மறக்க வேண்டாம். ஆமாம், கேட்க மறந்துவிட்டேனே...

ஸார், நீச்சல் தெரியுமில்லையா?