செதுக்கிய பலகையும் கீறிய ஏடும்

மாத்தளை அலுவிகாரையில் ஓலையில் எழுதும் முறையை இன்றும் காட்டுவர். எழுத்தாணி ஓலையைக் கீறுகின்றது. மையைப் பூசித் துடைத்தவிடத்து, கீறிய பள்ளத்திலே மை தங்கி எழுத்து விளங்குகின்றது. யப்பானியரின் மரப்பலகை அச்சோ இதற்கு நேர்மாறானது. அங்கே வேண்டாத மரத்தைச் செதுக்கி நீக்குவர். எஞ்சி நிற்கும் மேடே மையை ஏற்றுத் தாளுக்கு அளிக்கின்றது.

அக்கலையில் வல்லவர் ஹிரோசி யோசிடா (1876–1950). அவர் முதலாகப் பேர்த்தி அயோமி ஈறாக மூன்று தலைமுறையினரின் படைப்புக்களை இலண்டன் டல்விச் ஓவியக்கூடம் 2024இல் ஒருங்கே காட்சிக்கு வைத்தது. 1900இல் இளைஞராய் அக்கூடத்தைக் காணச் சென்றவரே யோசிடா.

தமிழர்க்கு அவர் முற்றும் அந்நியரல்லர். 1930–31இல் மகன் தோசியுடன் இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் யாத்திரை செய்தார். அதன் பயனாகப் பிறந்த அச்சுவரிசையில் தாஜ்மகாலோடு மதுரைக் கோயிலும் இடம்பெற்றுள்ளது.

பழைய யப்பானிய வழக்கில் ஓர் அச்சுப்படத்துக்கு நால்வர் வேண்டும்: வரைபவர், செதுக்குபவர், அச்சிடுபவர், வெளியிடுபவர். வெவ்வேறு நிறங்களுக்கு வெவ்வேறு பலகைகள் உண்டு. பலகையின் ஓரத்தில் வெட்டிய இரு அடையாளங்களில் தாள் பொருந்தாதாயின் நிறங்கள் விலகிப் படம் கெடும். மையிட்ட பலகைமேல் தாளை விரித்து, மூங்கிலுறை போர்த்த தட்டினால் அதன் முதுகைத் தேய்ப்பர்.

1923ஆம் ஆண்டுப் பூகம்பத்தைத் தொடர்ந்த பெருந்தீயில், வெளியீட்டாளர் வத்தனாபேயிடம் இருந்த யோசிடாவின் பலகைகள் அழிந்தன. 1925இல் யோசிடா தாமே வெளியீட்டாளரானார். செதுக்குவோரையும் அச்சிடுவோரையும் தம் மேற்பார்வையில் அமர்த்தினார். 1926இல் வெளியிட்ட பாய்மரப் படகுகளை, அதே பலகைகளில் நிறங்களை மட்டும் மாற்றிக் காலையாகவும் மாலையாகவும் இரவாகவும் காட்டினார். தாம் முன்னின்று அச்சிடுவித்த படங்களின் ஓரத்தில் 'தானே அச்சிட்டது' எனப் பொருள்படும் முத்திரையை இட்டார்.

இங்கே ஒரு வினா எழுகின்றது. பலர் கைபட்ட பொருளுக்கு ஒருவர் பெயர் போதுமோ? மேற்பார்த்த கண்ணின்றேல் அப்படகுகளுக்கு அந்த ஒளி வாய்த்திராது என்பது மெய். செதுக்கிய உளி ஒரு மயிரளவு பிசகியிருந்தால் அக்கண்ணாலும் பயனில்லை என்பதும் மெய்யே. காட்சிச் சுவரிலோ யோசிடா என்னும் குடும்பப் பெயரே நிற்கின்றது.

நம் ஏடெழுதியோர் பலர் கடைசி ஓலையில் தம் பெயரையும் முடித்த நாளையும் குறித்து, பிழை பொறுக்குமாறும் வேண்டினர். நூலை இயற்றியவர் புகழுக்கு அதனால் குறைவு நேர்ந்ததில்லை. எழுதிய கைக்கோ ஓர் இடம் கிடைத்தது. அச்சுப் புத்தகம் வந்தபின், எழுத்துக் கோத்தவருக்கு அவ்விடம் பெரும்பாலும் வாய்க்கவில்லை.

மாணவரை நூதனசாலைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், 'வரைந்தவர் யார்?' என்பதோடு நில்லாது, 'செதுக்கியவர் யார்?' என்றும் கேட்கப் பழக்குவாராக. விடை கிடையாதவிடத்தும் அவ்வினா வீணாகாது.