உங்களுக்குத் தெரியுமா? கோல்ஃப் மட்டையின் கால் விநாடி மாயம்!

மட்டை பந்தைத் தொட்டிருக்கும் நேரம் எவ்வளவு? சுமார் 0.0005 விநாடிதான்! கண் சிமிட்டும் நேரத்தில் நூறில் ஒரு பங்குகூடக் கிடையாது! அதற்காகத்தான் டிரைவிங் ரேஞ்ச் எனும் பயிற்சித் திடலில் கூடை கூடையாகப் பந்தடிக்கிறார்கள்!

பந்தின் எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது. தொழில்முறை வீரர் டிரைவர் எனும் நீள மட்டையால் விளாசினால் அது கிளம்பும் வேகமோ மணிக்கு சுமார் 270 கி.மீ.! மட்டையின் வேகத்தைப்போல ஒன்றரை மடங்கு!

முன்னணி வீரர்களின் ஸ்விங்கில் ஒரு தாளம் இருக்கிறது! மட்டையைப் பின்னால் தூக்க 3 பங்கு நேரம். இறக்கி அடிக்க 1 பங்கு. அந்த ஒரு பங்கு, வெறும் கால் விநாடி!

அயர்ன் மட்டையால் பந்து மேலே எழும்ப வேண்டுமா? கீழ்நோக்கி அடியுங்கள்! ரேஞ்சுக்குப் புதிதாக வருபவர்கள் பந்தைக் கோரித் தூக்கப் பார்த்துத்தான் கோட்டை விடுகிறார்கள்!

நீளமான டிரைவரோ, குட்டையான வெட்ஜ் மட்டையோ, தொழில்முறை வீரர் அடித்தால் பந்து தொடும் உச்சி ஏறக்குறைய ஒன்றேதான். சுமார் 90 அடி! ஒன்பது மாடி உயரம்!

பந்தின் மேல் 300 முதல் 500 குட்டிப் பள்ளங்கள்! அவை இல்லாத வழவழப்பான பந்து பாதி தூரத்திலேயே விழுந்துவிடும்!

ரேஞ்சில் உங்கள் அடியை அளக்கும் டிராக்மேன் கருவிக்குள் இருப்பது என்ன? டாப்ளர் ரேடார்! ஏவுகணையைப் பின்தொடரும் அதே நுட்பம்!

கோல்ஃப் வீரர் பில் மிக்கெல்சன் வலது கைக்காரர். ஆனால் அப்பாவின் ஸ்விங்கை எதிரே நின்று பார்த்து, கண்ணாடி பிம்பம்போல் பழகியதால் கோல்ஃபில் மட்டும் இடது கை! மேஜர் எனும் கோல்ஃபின் உச்சப் பட்டங்களில் அவர் வென்றவை 6!

இன்னொரு வீரர் ஜிம் ஃப்யூரிக்கின் ஸ்விங் வளைந்து நெளிந்து சுற்றி வரும். அதே ஸ்விங்தான் 2016இல் 18 குழிகளை 58 அடிகளில் முடித்தது! தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் அதைவிடக் குறைவாக யாரும் அடித்ததில்லை!

பிஜியில் பிறந்த விஜய் சிங், பொழுது சாயும்வரை ரேஞ்சிலேயே கிடப்பவர் என்று பெயரெடுத்தவர். பலன்? 2004இல் மட்டும் 9 பிஜிஏ டூர் பட்டங்கள்! டைகர் உட்ஸை இறக்கிவிட்டு உலகின் முதலிடம்! 40 வயதுக்குப் பிறகு மட்டும் 22 வெற்றிகள்!

'எனக்கு வயசாகிவிட்டதே' என்கிறீர்களா? லாரி நெல்சன் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய பிறகே, 21 வயதில், கோல்ஃப் மட்டையைத் தொட்டார். வழிகாட்டி, கோல்ஃப் ஜாம்பவான் பென் ஹோகனின் ஒரு புத்தகம்! பிறகு வென்ற மேஜர் பட்டங்கள் 3!

ஒரு கூடைப் பந்தோடு இன்றே தொடங்குங்கள்!